கான்ட்ரா: மூன்றே லைஃப், கோட் கிடையாது. என் கைக்கு வயதாகிவிட்டதா, ஆட்டமே இப்படித்தானா?

மூன்று_பதக்கம்

நேற்று இரவு கான்ட்ராவை, ஓடி ஓடிச் சுடும் அந்தப் பழைய வீடியோ ஆட்டத்தை, திரும்ப எடுத்தேன். 1988இல் நிண்டெண்டோவின் எட்டு பிட் பெட்டிக்கு கொனாமி கொடுத்த அதே பதிப்பு. மூன்று லைஃப், அவை தீர்ந்தால் தொடர்ந்து ஆட மூன்று கன்டினியூ, முப்பது லைஃப் தரும் அந்த ரகசியப் பொத்தான் வரிசையான கோட் போடக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஸ்டேஜில் வெடிக்கும் பாலம் இருக்கிறதே, அதைத் தாண்டுவதற்குள் ஒரு லைஃப் போனது. பாலம் வெடிக்கும் என்று தெரியும். எந்த இடத்தில் வெடிக்கும் என்றும் தெரியும். ஆனாலும் தண்ணீரில் விழுந்து, அவசரமாகக் கரையேறும்போது மேலே நின்றவன் சுட்டான். இரண்டாவது லைஃப் பின்னால் இருந்து ஓடி வந்தவன்மேல் மோதிப் போனது. மூன்றாவது, கடைசிச் சுவருக்கு முன்னால். அந்தச் சுவரின் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து சுடுவான், நினைவிருக்கிறதா? எனக்கும் நினைவிருந்தது, செத்த பிறகு.

மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. சிறு வயதில் இந்த ஆட்டத்தை முடித்தவன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது யோசித்தால், முடித்தது நான் இல்லை, அந்த முப்பது லைஃப். முப்பது இருந்தால் சுவரில் தலையை முட்டி முட்டியே வழி செய்துவிடலாம்.

யாராவது சமீபத்தில் கோட் இல்லாமல் ஆடிப் பார்த்தீர்களா? இந்த ஆட்டம் நியாயமான கஷ்டமா, அநியாயமா? அல்லது வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு படுத்துவிடவா?

டப்பா_டிவி

எதில் ஆடினீர்கள்? பெரிய தட்டை டிவியில், வயர் இல்லாத கண்ட்ரோலரில் என்றால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ஒரு ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 17 மில்லி நொடி. பழைய குழாய் டிவி வந்த சிக்னலை அப்படியே வரைந்துவிடும். இன்றைய டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகிறது. அந்த மெருகுக்கு மட்டும் நாலைந்து ஃபிரேம் போகும் டிவிகள் உண்டு. எமுலேட்டரும் (பழைய ஆட்டத்தை இன்றைய கருவியில் ஓட்டும் மென்பொருள்) கண்ட்ரோலரும் தங்கள் பங்குக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு சேர்க்கும். நீங்கள் குதித்துவிட்டீர்கள், திரையில் இருக்கிறவன் இன்னும் குதிக்கவில்லை, குண்டு வந்துவிட்டது. இதுதான் நடக்கிறது.

டிவியில் கேம் மோட் போடுங்கள். வயர் கண்ட்ரோலர் வையுங்கள். எமுலேட்டரில் இந்தத் தாமதத்தைக் குறைக்க ரன்-அஹெட் என்று ஒன்று இருக்கும், அதில் ஒரு ஃபிரேம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிறகு வந்து வயதைப் பற்றிப் பேசலாம்.

மூன்று_பதக்கம்

தட்டை டிவிதான். வயர் இல்லாத கண்ட்ரோலர்தான். இரண்டையும் மாற்றிவிட்டு வருகிறேன்.

குனிந்து_சுடு

லேக், அதாவது இந்தத் தாமதம், ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் டிவிமேல் பழியைப் போட்டுத் தப்பிப்பதையும் பார்க்கிறேன். 'மேலே நின்றவன் சுட்டான், ஓடி வந்தவன்மேல் மோதினேன்' இரண்டும் லேக் இல்லை நண்பரே, அவசரம்.

இந்த ஆட்டத்தில் எதிரியின் குண்டுகளைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளையாக, உருண்டையாக, மெதுவாக வரும். பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டு யோசித்து நகரலாம். நம்முடைய தாவலும் நம் பேச்சைக் கேட்கும். குதித்த பிறகு நடுவானில் திரும்பலாம், பின்னால் வரலாம், கீழ்நோக்கிச் சுடலாம். அதே காலத்து கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் ஒருமுறை குதித்துவிட்டால் விழுகிற வரை நீங்கள் வெறும் பார்வையாளர். அதோடு ஒப்பிட்டால் கான்ட்ரா தங்கமான ஆட்டம்.

அப்புறம் முதல் ஸ்டேஜ் தண்ணீர். தண்ணீரில் நிற்கும்போது கீழே அழுத்தினால் ஆள் முங்கிவிடுவான். முங்கி இருக்கும்வரை எதுவும் படாது, சுடவும் முடியாது. சிறு வயதில் இதைச் சும்மா வேடிக்கைக்குச் செய்திருப்பீர்கள். பாலத்திலிருந்து விழுந்ததும் முங்குங்கள், மேலே இருப்பவன் சுட்டு முடிக்கட்டும், எழுந்து அவனைச் சுட்டுவிட்டு நிதானமாகக் கரையேறுங்கள்.

நீலக்கால்சட்டை

தண்ணீரில் முங்கினால் படாதா??? முப்பது வருடமாக ஆடுகிறேன்.

எட்டாவது_ஸ்ப்ரைட்

> பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டு யோசித்து நகரலாம்

குண்டு கண்ணுக்குத் தெரிந்தால் நகரலாம். தெரியாத குண்டும் இதில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அந்தப் பெட்டியின் படச் சில்லு ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சின்னப் படத்துண்டு) மேல் வரையாது. மொத்தத் திரைக்கும் 64தான். நம் ஆள் ஒருவனுக்கே பல ஸ்ப்ரைட் வேண்டும். இரண்டு பேர் ஆடும்போது, எதிரில் மூன்று பேர் ஓடி வரும்போது, விசிறியாகச் சுடும் எஸ் துப்பாக்கியின் ஐந்து ஐந்து குண்டுகளும் அதே உயரத்தில் பறக்கும்போது, ஒன்பதாவதாக வரும் பொருள் அந்த ஃபிரேமில் வரையப்படாது. அதனால்தான் எல்லாம் மினுங்கி மினுங்கித் தெரியும். எதை விடுவது என்று ஆட்டம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக்கொண்டே இருப்பதால் எதுவும் முழுதாக மறையாது, ஆனால் அரைகுறையாகத்தான் தெரியும்.

'எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை' என்று சிறு வயதில் நாம் கத்தியதில் பாதிப் பொய். மீதிப் பாதிக்கு இதுதான் காரணம். இன்றைய எமுலேட்டர்களில் அந்த எட்டு என்ற வரம்பை எடுத்துவிட ஒரு தேர்வு இருக்கிறது. எடுத்துவிட்டு ஆடினால் திரை அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

குனிந்து_சுடு

வரம்பை எடுப்பது ஏமாற்று.

எட்டாவது_ஸ்ப்ரைட்

கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவதும் ஏமாற்றா?

குனிந்து_சுடு

இரண்டும் ஒன்றல்ல. சரி, விடுங்கள், இதை ஆரம்பித்தால் இழை முழுக்க இதுவே ஓடும்.

எஸ்_மட்டும்_போதும்

யாரும் உண்மையான விஷயத்துக்கு வரவில்லை. இந்த ஆட்டத்தின் கஷ்டம் குண்டிலும் இல்லை, குழியிலும் இல்லை. செத்தால் துப்பாக்கி போய்விடும் என்ற ஒரே விதியில் இருக்கிறது.

எஸ் கையில் இருக்கும்போது நீங்கள் ராஜா. திரையின் பாதியை ஒரே அழுத்தில் கூட்டிவிடலாம். அதே ஆள் ஒரு குண்டு பட்டுச் செத்து, மறுபடி மேலேயிருந்து விழும்போது கையில் தொடக்கத் துப்பாக்கி. எந்த இடம் உங்களை எஸ் இருந்தும் கொன்றதோ, அதே இடத்தை இப்போது ஒற்றைக் குண்டோடு கடக்க வேண்டும். அதனால் சாவு தனியாக வராது. வந்தால் மூன்றும் சேர்ந்தே வரும். மூன்று_பதக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துபோனது இந்தக் கணக்கில்தான்.

ஆகவே இரண்டு பாடம். முதலாவது, புதுத் துப்பாக்கி தரும் எழுத்தைப் பார்த்ததும் பாய்ந்து எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எஸ் கையில் இருக்கும்போது பறந்து வரும் எஃப்பும் எல்லும் எதிரிகள். எஃப் வட்டம் போட்டுக்கொண்டு போகும் நெருப்பு, பார்க்க அழகு, அவ்வளவுதான். எல் இன்னும் மோசம். ஒரு கதிரை விட்டுவிட்டு அது போய்ச் சேர்வதற்குள் மறுபடி அழுத்தினால் முதல் கதிர் காணாமல் போகும். பதற்றத்தில் பட்டனைத் தட்டுகிறவன் கையில் எல் இருந்தால் துப்பாக்கி இல்லாததற்குச் சமம். எழுத்து ஒளிந்திருக்கும் கேப்ஸ்யூலை உடைத்தால் எழுத்து நம் தலைமேல் விழுகிற மாதிரி வரும், அப்போது பின்வாங்கி வழிவிடுவதுதான் இந்த ஆட்டத்தின் பெரிய வித்தை. ஆர் மட்டும் விதிவிலக்கு. அது துப்பாக்கியை மாற்றாது, வேகத்தைக் கூட்டும். எஸ்ஸோடு ஆர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, எஸ் தூரத்துக்கு இல்லை. தூரத்தில் நின்றால் ஐந்து குண்டும் விசிறியாக விரிந்து ஒன்றுதான் படும். பாஸின், அதாவது ஸ்டேஜ் கடைசியில் வரும் பெரிய எதிரியின், முகத்தோடு முகம் வைத்துச் சுட்டால் ஐந்தும் படும். பயந்து தள்ளி நிற்கிறவன் ஐந்து மடங்கு நேரம் அந்த ஆபத்தில் நிற்கிறான்.

பழைய_கேசட்

எங்கள் கேசட்டில் மெனுவிலேயே முப்பது லைஃப். கோட் என்று ஒன்று இருப்பதே கல்லூரிக் காலத்தில்தான் தெரியும்.

மூன்று_பதக்கம்

முப்பது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடும்போது திரையின் மேலே அதிகபட்சம் நான்கு பதக்கம்தான் தெரியும். முப்பது இருந்தாலும் நான்குதான், ஐந்து இருந்தாலும் நான்குதான். உண்மையான எண்ணிக்கை அடுத்த ஸ்டேஜ் தொடங்கும் கறுப்புத் திரையில்தான் வரும். சின்ன வயதில் நாங்கள் எண்ணிக்கொண்டே ஆடியதில்லை. நான்கு பதக்கம் மூன்றாகும் நொடியில்தான் வீடே அமைதியாகும். அதுவரை லைஃப் என்பது தண்ணீர் மாதிரி.

என் பெயர்க் காரணமும் அதுதான்.

கோட்_வரலாறு

கோட் பேச்சு வந்துவிட்டதால் ஒரு சின்னத் தகவல். மேலே மேலே கீழே கீழே இடம் வலம் இடம் வலம் பி ஏ. இது கான்ட்ராவுக்காகப் பிறந்ததே இல்லை. 1986இல் கிரேடியஸ் என்ற விண்கல ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர் தன் வசதிக்காக வைத்தது. அவர் செய்யும் ஆட்டம் அவருக்கே கஷ்டமாக இருந்தது, சோதித்துப் பார்க்கக் கடைசி வரை போக முடியவில்லை. அதனால் பெரும்பாலான சக்திகளும் ஒரே நேரத்தில் கிடைக்கும்படி ஒரு குறுக்கு வழி. பிறகு அது அப்படியே தங்கிவிட்டது. அவர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

ஆட்டத்தைச் செய்தவராலேயே முடிக்க முடியவில்லை என்றால், மூன்று_பதக்கம் அவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

'செலக்ட் ஸ்டார்ட்' என்று கடைசியில் சேர்த்துச் சொல்பவர்கள் இரண்டு பேராக ஆடி வளர்ந்தவர்கள். செலக்ட் கோட்டின் பகுதியே இல்லை, இரண்டு பேர் என்ற வரிக்கு இறங்குவதற்காக அழுத்துவது. தனியாக வளர்ந்தவர்கள் நேராக ஸ்டார்ட் என்பார்கள்.

இதை நம்பி கான்ட்ராவின் அடுத்த பாகமான சூப்பர் சி-யில் அதே கோட்டைப் போட்டு ஏமாந்தவர்கள் கையைத் தூக்கவும். அதற்கு வேறு கோட், அதுவும் பத்து லைஃப்தான்.

நீலக்கால்சட்டை

கை தூக்கிவிட்டேன்.

ரோபோ_பதிப்பு

என் மாமா கொடுத்த கேசட்டில் மனிதர்களே கிடையாது. நம் ஆளும் ரோபோ, ஓடி வருகிறவர்களும் ரோபோ. பெயர் புரோபோடெக்டர். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ஐரோப்பாவில் விற்ற பதிப்புக்கு அப்படி மாற்றியிருக்கிறார்கள். பள்ளியில் எல்லாரும் 'தசை பெருத்த இரண்டு அண்ணன்கள்' என்று பேசும்போது நான் மட்டும் விழிப்பேன். குழிகளும் குண்டுகளும் ஒன்றுதான். சாவதும் அதே இடங்களில்தான்.

கோட்_வரலாறு

கதையும் நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் ஆண்டு 2633, இடம் கலூகா தீவுகள். அமெரிக்கக் கையேட்டில் அது இன்றைய அமேசான் காடாகிவிட்டது. ஜப்பான் கேசட்டில் கூடுதலாக ஒரு சில்லு இருந்ததால் காட்டில் இலைகள் அசையும், பனி ஸ்டேஜில் பனிக்காற்று வீசும், ஸ்டேஜுக்கு நடுவே வரைபடம் வரும். நமக்குக் கிடைத்ததில் இவை எதுவும் இல்லை. 2019இல் வந்த ஆண்டுவிழாத் தொகுப்பில் பிற்பாடு ஜப்பான் பதிப்பையும் சேர்த்தார்கள்.

குனிந்து_சுடு

இலை அசைந்தால் சாகாமல் இருப்போமா? விஷயத்துக்கு வருவோம்.

மூன்று_பதக்கம்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டிவியில் கேம் மோட், வயர் கண்ட்ரோலர், ரன்-அஹெட் ஒரு ஃபிரேம். வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஆள் குதிக்கிறான், இவ்வளவு எளிய விஷயத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டப்பா_டிவி அவர்களுக்கு நன்றி.

முதல் ஸ்டேஜ் இப்போது சாகாமல் முடிகிறது. முங்கும் வித்தை வேலை செய்கிறது. இரண்டாவது ஸ்டேஜ், அந்தக் கோட்டைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு போவோமே, அதுவும் பயந்த அளவுக்கு இல்லை. சிறு வயதில் எனக்கு மிகவும் பிடிக்காத ஸ்டேஜ் அது. மின்சார வேலியைத் தொட்டால் செத்துவிடுவோம் என்று நினைத்து ஒதுங்கியே நிற்பேன். தொட்டால் ஆள் அப்படியே உதறிக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான், சாவதில்லை. ஆனால் உதறும்போது நகர முடியாது என்பதால் குண்டு வந்து முடித்துவிடும். படுத்துக்கொண்டால் முக்கால்வாசிக் குண்டு தலைக்கு மேலே போகிறது. எழு, சுடு, படு. அதே தாளம்தான் கடைசி அறை வரை.

சிக்கல் அருவியில். மூன்றாவது ஸ்டேஜ். தினமும் அங்கே ஒரு கன்டினியூ போகிறது. அது ஏறத் தெரியாததால் இல்லை. எனக்கு அந்த ஸ்டேஜைப் பார்த்தாலே கோபம் வருகிறது. காரணம் என் அக்கா.

நாங்கள் இரண்டு பேராகத்தான் ஆடுவோம். அவள் நீலம், நான் சிவப்பு. பக்கவாட்டில் ஓடும் ஸ்டேஜ்களில் ஒருவர் பின்தங்கினால் திரை நின்றுவிடும், மற்றவர் காத்திருந்தாக வேண்டும். அருவியில் அந்த இரக்கம் கிடையாது. மேலே இருப்பவர் ஏற ஏறத் திரை மேலே போகும். கீழே இருப்பவரின் காலுக்கடியில் இருந்த பாறை திரையை விட்டுப் போய்விடும். அதில் நிற்கிறவர் சாவார். குண்டு வேண்டாம், எதிரி வேண்டாம், உடன்பிறந்தவள் ஒருத்தி போதும். அவள் ஏறிக்கொண்டே இருப்பாள். நான் 'அக்கா நில்லு, அக்கா நில்லு' என்று கத்திக்கொண்டே சாவேன். புதிய லைஃபில் மேலேயிருந்து வந்து விழுவேன், மறுபடி கீழே போய்விடுவேன். இதெல்லாம் முடிந்த பிறகு அவளுடைய லைஃப் தீர்ந்தால், என் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வாள். ஆட்டம் அதற்கும் அனுமதி தருகிறது!

இப்போது தனியாகத்தான் ஏறுகிறேன். ஆனாலும் யாரோ மேலே இழுத்துக்கொண்டு போகிற மாதிரி அவசரப்படுகிறேன். உருண்டு வரும் பாறைமேல் நானே போய் மோதுகிறேன்.

டப்பா_டிவி

எங்கள் வீட்டில் நான்தான் உங்கள் அக்கா. தம்பி இன்றுவரை மறக்கவில்லை.

எஸ்_மட்டும்_போதும்

அருவியில் ஒரே உபாயம்: பாறை உருளும் இடத்தில் அதற்கு நேர் கீழே நிற்காமல், ஒரு தளம் கீழேயே ஓரமாக நின்று அது போன பிறகு ஏறுவது. தனியாக ஆடும்போது திரை உங்களோடுதான் நகரும், நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். இன்னொன்று, கீழே அழுத்திக்கொண்டு ஏ அழுத்தினால் நிற்கும் தளத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுவான். பதற்றத்தில் படுத்துச் சுட நினைத்துத் தாவும் பொத்தானைத் தொட்டால், நேராகத் திரைக்கு வெளியே. உங்கள் சாவுகளில் எத்தனை அந்த வகை என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று_பதக்கம்

எண்ணினேன். நேற்றைய ஏழில் நான்கு.

நிழல்_சேவ்

நான் வேறு மாதிரி பழகினேன், சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எமுலேட்டரின் சேவ் வசதியை முடிப்பதற்குப் பயன்படுத்தவில்லை, படிப்பதற்குப் பயன்படுத்தினேன்.

ஒவ்வொரு ஸ்டேஜின் தொடக்கத்திலும் ஒரு சேவ். ஆனால் எஸ்ஸோடு இல்லை. வேண்டுமென்றே செத்து, தொடக்கத் துப்பாக்கியோடு நிற்கும் நிலையில் சேவ். பனி ஸ்டேஜை அந்த ஒற்றைத் துப்பாக்கியோடு இருபது முறை, ஆறாவதான எனர்ஜி ஸோனை முப்பது முறை. மேலே சொன்ன விஷயம் சரிதான், இந்த ஆட்டம் ஒரு சாவை மூன்று சாவாக்கும். அந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி, கையில் ஒன்றுமில்லாதபோதும் அந்த இடத்தைக் கடக்கத் தெரிந்திருப்பது. எஸ் இருந்தால் யார் வேண்டுமானாலும் கடப்பார்கள்.

இப்படி ஆடியதில் தெரிந்தது, சுவரில் இருக்கும் பீரங்கிகள், மறைந்து சுடுகிறவர்கள், கேப்ஸ்யூல் எல்லாம் எப்போதும் அதே இடங்களில்தான். ஓடி வரும் ஆட்கள் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே மாறுவார்கள். ஆகவே மனப்பாடம் தொண்ணூறு பங்கு, கண் பத்துப் பங்கு. எனர்ஜி ஸோனில் குழாயிலிருந்து சீறும் நெருப்புக்கு ஒரு தாளம் இருக்கிறது. முதலில் நின்று, சுடாமல், அதை இரண்டு சுற்று வெறுமனே பாருங்கள். சிறு வயதில் நாம் இதைச் செய்ததே இல்லை, பக்கத்தில் கண்ட்ரோலருக்காக இன்னொருவன் காத்திருப்பான்.

குனிந்து_சுடு

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பழகும்போது சேவ், முடிக்கும்போது ஒரே மூச்சு. முழு ஆட்டமுமே அரை மணி நேரத்துக்குள் முடியும் நீளம்தான். அரை மணி நேரத்துக்குச் சேவ் வேண்டுமென்றால் அது படிப்பு இல்லை, சோம்பல்.

ரோபோ_பதிப்பு

அரை மணி நேர ஆட்டத்தை அரை வருடம் ஓடவைக்கத்தான் இவ்வளவு கஷ்டம் வைத்தார்கள் என்பது என் கட்சி. ஒரு கேசட் வாங்கினால் அடுத்த பிறந்தநாள் வரை ஓட வேண்டும். நியாயம், அநியாயம் என்பதைவிட இது வியாபாரம்.

இதே வரிசையில் வந்த ஹார்ட் கோர் கதை தெரியுமில்லையா? 1994இல் சேகா பெட்டிக்கு வந்தது. ஜப்பான் பதிப்பில் ஒரு லைஃபுக்கு மூன்று அடி தாங்கும், கன்டினியூவுக்குக் கணக்கே இல்லை. அமெரிக்காவுக்குப் போகும்போது ஒரு அடியில் சாவு, கன்டினியூவுக்கு எண்ணிக்கை. அதே ஆட்டம், அதே பாஸ்கள். கஷ்டம் கலைஞனின் தீர்மானம் என்றால் எந்தப் பதிப்பு கலை?

குனிந்து_சுடு

கான்ட்ராவுக்கு இது பொருந்தாது. ஹார்ட் கோரில் மூன்று அடிக்கு என்று செய்த ஆட்டத்தை ஒரு அடிக்குக் குறைத்தார்கள், அது அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். கான்ட்ரா முதலிலிருந்தே ஒரு அடிக்கு என்று அளந்து தைத்த சட்டை. 2024இல் வந்த புதிய கான்ட்ராவான ஆபரேஷன் கலூகாவில் அடி தாங்கும் வசதியோடும் ஆடலாம், ஒரு அடியில் சாகிற மாதிரியும் ஆடலாம். இரண்டிலும் ஆடிப் பார்த்தேன். அடி தாங்கினால் நான் குண்டைப் பார்ப்பதே இல்லை.

ரோபோ_பதிப்பு

எனக்கு அடி தாங்குவதுதான் பிடித்தது. குழந்தை தூங்கும் நேரத்தில் ஆடுகிறேன், ஒவ்வொரு குண்டையும் மரியாதையோடு பார்க்க எனக்கு நேரமில்லை.

மூன்று_பதக்கம்

ஐந்து வாரம் ஆகிவிட்டது. முடித்துவிட்டேன்.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். விதியில் கன்டினியூவுக்கு இடம் இருந்தாலும், மூன்று லைஃபில் ஒரே மூச்சாக முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது நடக்கவில்லை. இரண்டு கன்டினியூ போனது. இரண்டுமே ஏழாவது ஸ்டேஜில், கூரையிலிருந்து இறங்கும் கொக்கிகளுக்கு. நிழல்_சேவ் சொன்னபடி ஒற்றைத் துப்பாக்கியோடு பழகியது ஐந்திலும் ஆறிலும் காப்பாற்றியது, ஏழாவதைப் பழகாமல் விட்டது என் தப்பு.

எட்டாவது ஸ்டேஜைச் சிறு வயதில் சரியாகப் பார்த்ததே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. முப்பது லைஃபில் மிச்சம் இருந்ததை எல்லாம் அங்கே கொட்டித்தான் கடந்திருக்கிறோம். சுவரெல்லாம் சதை, வாயிலிருந்து புழுக்கள், கடைசியில் துடித்துக்கொண்டிருக்கும் இதயம். கடைசி லைஃப், கையில் எஸ். எஸ்_மட்டும்_போதும் சொன்னதை நினைத்துக்கொண்டு இதயத்தின்மேல் மூக்கை வைத்த மாதிரி நின்று அழுத்தினேன். சுற்றிலும் முட்டையிலிருந்து என்னென்னவோ குதித்து வந்துகொண்டிருக்கிறது, நான் திரும்பியே பார்க்கவில்லை. சில நொடிகள்தான். வெடித்துவிட்டது. சிறு வயதில் அதே இடத்தில் தூரமாக நின்று கொண்டு எத்தனை லைஃபைக் கொடுத்தோம் என்று நினைத்தால் சிரிப்புதான்.

ஹெலிகாப்டர் பறந்தது, தீவு வெடித்தது, பெயர்கள் ஓடின. நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆட்டம் எதுவும் நடக்காததுபோல முதல் ஸ்டேஜிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. என் ஆள் காட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்த முதல் ஆள் மோதி, அந்தக் கடைசி லைஃபும் போனது.

நீலக்கால்சட்டை

வாழ்த்துகள்! கடைசி வரி படித்து அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

குனிந்து_சுடு

கன்டினியூவோடு முடித்ததும் முடித்ததுதான். அடுத்து ஏழாவது ஸ்டேஜைப் பழகுங்கள். தரையிலிருந்து எழும் முள் தூண்களைத் தாண்ட நினைக்காதீர்கள், சுட்டால் உடையும். கொக்கிக்கு அடியில் ஓடாமல் ஒன்று இறங்கி ஏறும்வரை நிற்க வேண்டும்.

இரண்டாம்_கணக்கு

வணக்கம். மூன்று_பதக்கத்தின் அக்கா. இழையின் சுட்டியை அவனே பெருமையாக அனுப்பினான், என்னைப் பற்றி எழுதியிருப்பதை மறந்துவிட்டான் போல.

அருவி விஷயத்தில் ஒரு திருத்தம். நான் ஏறிக்கொண்டே இருந்தேன் என்பது உண்மை. ஏன் என்று அவன் எழுதவில்லை. இவன் கீழே நின்று கேப்ஸ்யூல் சுடுவான். எழுத்து விழும். அது எந்த எழுத்தாக இருந்தாலும் எடுத்தே ஆக வேண்டும், எஸ் கையில் இருந்தாலும் போய் எல் எழுத்தை எடுப்பான். மேலே நான் தனியாக நிற்பேன், பாறை உருண்டு வரும், நிற்க இடம் கிடையாது. ஏறினால் அவன் சாவான், ஏறாவிட்டால் நான் சாவேன். பத்து வயதில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

லைஃப் எடுத்தது உண்மை. அதை மறுக்கவில்லை.

எஸ்_மட்டும்_போதும்

எஸ் இருக்கும்போது எல் எடுத்தாரா? தீர்ப்பு அக்காவுக்கு.

மூன்று_பதக்கம்

சின்னப் பையன், எழுத்து பளபளவென்று வந்தது, எடுத்தேன். இதற்கு இவ்வளவு பேர் கூடித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா?

டப்பா_டிவி

இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து அருவியை ஒருமுறை ஆடிவிட்டு வாருங்கள். கேம் மோட் போட மறக்காதீர்கள்.

இரண்டாம்_கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். அவன் விதிப்படி கோட் இல்லை. நான் இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு கண்ட்ரோலரைத் தொடுகிறேன், முதல் ஸ்டேஜில் எல்லா லைஃபும் போனது, அவனுடையதிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். பழக்க தோஷம்.

அருவியில் பன்னிரண்டு முறை செத்தோம். ஒன்பது அவன். அதில் மூன்று முறை எழுத்து எடுக்கப் போய்.

மூன்று_பதக்கம்

இரண்டு முறை. மூன்றாவது தடவை தவறுதலாகக் கீழே அழுத்திவிட்டேன்.